கரட்டுச் சரிவில் ஒரு கோடை: பிள்ளைகளோடு சமமட்டக் குழி எடுத்த பதிவு

காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே, ஒரு கரட்டை, அதாவது சிறு பாறைக் குன்றை, ஒட்டி மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. சில குடும்பங்கள் சேர்ந்து அதைப் பொதுப் பண்ணையாக வைத்திருக்கிறோம். மேல்கோடியில் புளியும் வேம்பும் நிற்கின்றன, நடுவில் கேழ்வரகும் சாமையும் மாறி மாறி விளைகிற கொல்லை, கீழே மாந்தோப்பு. பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும், ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தாத்தா பாட்டி வீட்டுக்கு வருகிற பிள்ளைகளும் இங்கே கூடிவிடுவார்கள். எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்கள். இந்தக் கோடையில் அவர்களோடு சேர்ந்து என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்பதை எழுதுகிறேன். இதே மாதிரி சரிவு நிலமும் துறுதுறுப்பான பிள்ளைகளும் வாய்த்தவர்களுக்குப் பயன்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோடைக் கொண்டாட்டம் என்ற பெயரில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் காகிதத்தில் மரம் வரையச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விளையாட்டை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் கொடுக்க வேண்டியது உண்மையான வேலை. செய்யாமல் விட்டால் நிலத்துக்கு நட்டம் உண்டாகிற வேலை. அதை அவர்கள் உடம்பு தாங்கும் அளவில், வெயில் விடும் நேரத்தில் கொடுத்தால் போதும். ஆடிப் பட்டத்துக்குள் எங்கள் நிலத்துக்கு இருந்த பெரிய தேவை, கரட்டிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவரும் மழைநீரை நிறுத்துவது. அதற்கான வழி சமமட்டக் குழி, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் குழி. இந்தக் கோடை முழுவதும் அதைச் சுற்றியே அமைந்தது.

நேரமும் நிழலும்

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த நாட்களில் பிள்ளைகளை வெளியில் வைத்து வேலை செய்வதென்றால் நேரத்தில் கண்டிப்பு வேண்டும். காலை 6 மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் கொல்லை வேலையை முடித்துவிடுவோம். மாலை நாலரைக்கு முன் யாரும் மறுபடி கொல்லையில் கால் வைக்கக் கூடாது. நடுப்பகல் புளிய மரத்தடிக்கு. மரத்தின் நிழல் போதாத பக்கம் சவுக்குக் கம்பு நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். பந்தலைத் தாழ்வாகப் போட்டால் உள்ளே புழுங்கும். எட்டடி உயரமாவது இருந்தால்தான் காற்று ஓடும்.

வேலைக்கு முன்பு ஒரு குவளை நீர், நடுவில் மோர், முடிந்ததும் கேழ்வரகுக் கூழ். தாகம் எடுத்தால் குடித்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் விடக் கூடாது. வேலை ஆர்வத்தில் மறந்துவிடுவார்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை என்று பொருள். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு அவர்களே கவனித்து வந்து சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் எப்போதும் பெட்டியில் இருந்தன. ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் நீர்; குறைத்துக் கரைக்கக் கூடாது.

கரடு என்றால் தேளும் பாம்பும் உண்டு. கற்குவியலில் கை விடுவதில்லை. கல்லைப் புரட்டியே ஆக வேண்டுமென்றால், எதிர்ப்பக்க விளிம்பைக் கம்பியால் பிடித்து நம் பக்கமாகத் தூக்க வேண்டும். அப்போது கல்லுக்கு அடியில் இருப்பது நம்மை விட்டு விலகி ஓடும், கல்லே நமக்குத் தடுப்பாக நிற்கும். எல்லோருக்கும் மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம். சுருட்டை விரியன் இந்தச் சரளை மண்ணின் நிறத்திலேயே படுத்திருக்கும் என்பதால் இதில் சலுகை இல்லை. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ வாயால் உறிஞ்சுவதோ கூடாது, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்வார்கள்.

பாட்டிலில் தெரிந்த மண்

சரிவில் நீரை நிறுத்த வேண்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்துச் சொன்னால் அது எங்கள் வேலை. ஏன் நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுகொண்டால் அது அவர்கள் வேலை. அதற்காக மண்ணிலிருந்து தொடங்கினோம்.

கொல்லையின் மேல்விளிம்பில் ஒரு கை, நடுவில் ஒரு கை, மாந்தோப்புக்குச் சற்று மேலே ஒரு கை என்று மூன்று இடங்களில் மேல்மண்ணை எடுத்தோம். கூழாங்கற்களைப் பொறுக்கிவிட்டு, கட்டியை நுணுக்கி, ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள். சோப்புத் தூள் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிய உதவுகிறது. மூடிபோட்டு நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வைத்துவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அங்கே ஒரு கோடு. இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். அங்கே இன்னொரு கோடு. களிமண் படிய ஒரு நாளாவது ஆகும். சில நேரம் மறுநாளும் நீர் கலங்கலாகவே இருக்கும்.

மேல்விளிம்பு மண் ஏறக்குறைய முழுவதும் மணலாகவே படிந்தது. தோப்புக்கு மேலே எடுத்த மண்ணில் களிமண் அடுக்கு இரண்டு விரல் கனத்துக்கு நின்றது. “ஒரே கொல்லைதானே, மேலே இருந்த களிமண் எங்கே போயிற்று?” என்று ஒரு சிறுமி கேட்டாள். பதிலை நான் சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து கொல்லைக்குப் போனார்கள். சரிவில் விரற்கடை ஆழத்துக்கு மழை கீறிய ஓடைத் தடங்கள் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி, தோப்பு வேலியில் போய் நின்றார்கள். வேலிக்கல்லின் மேற்பக்கம் ஒரு முழ உயரத்துக்கு மண் சேர்ந்திருந்தது. அதன் பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பாட்டில் சோதனை மண்ணின் அமைப்பைத்தான் காட்டும்; சத்தைக் காட்டாது. அதற்கு மண் மாதிரியைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம்.

சட்டம் கட்டுவது

நீரை நிறுத்தும் குழி சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு முனை நான்கு விரல் தாழ்ந்தாலும் நீர் முழுவதும் அந்த முனைக்கு ஓடி, வரப்பை உடைத்துக்கொண்டு கீழே பாயும். குழி இல்லாதபோது ஆனதைவிட அரிப்பு அதிகமாகும். கண்பார்வையில் மட்டம் பிடிக்க முடியாது. கரட்டடியில் நின்று பார்த்தால் எது மேடு எது பள்ளம் என்று கண் ஏமாறும். ஆகவே ஏ சட்டம் கட்டினோம். இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குக் கம்பு, உச்சியிலிருந்து தொங்கும் கயிறு, கயிற்று நுனியில் கல். ஆங்கில எழுத்தின் வடிவில் நிற்பதால் அந்தப் பெயர்.

நேரான மூங்கில் இரண்டு, ஏழடி நீளத்துக்கு வெட்டினோம். உச்சியில் இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு ஆணி போட்டு, அதன்மேல் கயிறு சுற்றினோம். அடியில் கால்களின் அகலம் ஆறடி. பாதி உயரத்தில் நான்கடிக் கம்பைக் குறுக்கே வைத்துக் கட்டினோம். இந்த மூன்று முடிச்சும் அசையவே கூடாது. ஒன்று தளர்ந்தாலும் அளவு முழுக்கப் பொய்யாகிவிடும். அதனால் முடிச்சுகளைக் கட்டியவர் எங்கள் ஊர் மேஸ்திரி. வீடு கட்டும் வேலையை விட்டுப் பல காலம் ஆனாலும் தூக்குக்குண்டை அவர் இன்னும் வைத்திருக்கிறார். அதையே கொண்டுவந்து தொங்கவிட்டார். குண்டு இல்லாதவர்கள் அரைக் கிலோ அளவுள்ள உருண்டைக் கல்லைக் கட்டலாம். கயிறு குறுக்குக் கம்பை உரசாமல் தொட்டும் தொடாமலும் தொங்க வேண்டும்.

இனி சட்டத்தைச் சரிபார்ப்பது. இந்தப் பகுதியில்தான் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சற்றே ஏற்ற இறக்கமான தரையில் சட்டத்தின் இரண்டு காலும் ஊன்றும் இடத்தில் முளை அடித்துக்கொள்ள வேண்டும். கயிறு ஆடி அடங்கியதும், குறுக்குக் கம்பில் அது படும் இடத்தில் பென்சிலால் ஒரு குறி. பிறகு சட்டத்தை அப்படியே திருப்பி, இடக்கால் நின்ற முளையில் வலக்காலையும், வலக்கால் நின்ற முளையில் இடக்காலையும் வைக்க வேண்டும். கயிறு இப்போது வேறோர் இடத்தில் படும். அங்கே இரண்டாம் குறி. இரண்டு குறிகளுக்கும் சரிநடுவே மூன்றாவதாக ஒரு கோடு கிழித்தால் அதுதான் மட்டக்கோடு. கயிறு அந்தக் கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. கால்கள் ஒன்றைவிட ஒன்று அரை அங்குலம் நீளமாக இருந்தாலும் கவலையில்லை. திருப்பி வைத்துக் குறிக்கும்போது அந்த வேறுபாடு தானாகக் கழிந்துவிடும். “அப்படியென்றால் கோணல் சட்டம்கூட நேர் சொல்லுமா, மேஸ்திரி தாத்தா?” என்று ஒருவன் கேட்டான். சொல்லும் என்று அவர் உறுதியாகத் தலையாட்டினார். வேண்டுமென்றே ஒரு காலை நறுக்கிக் குட்டையாக்கி, மறுபடி குறித்துக் காட்டினார்.

காற்று எழுந்துவிட்டால் கயிறு ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கம் விடிந்து இரண்டு மணி நேரம் காற்று அடங்கியிருக்கும் என்பதால் கோடு போடும் வேலையை அதற்குள் வைத்துக்கொண்டோம். ஒரு காலை முளையில் ஊன்றி, மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு கோட்டில் வந்ததும் அந்தக் கால் நின்ற இடத்தில் ஒரு கூழாங்கல். அந்தக் கல்லிலேயே முதல் காலை வைத்து அடுத்த எட்டு. கால் வைக்கும் இடத்தில் கல்லோ பள்ளமோ இருந்தால் ஒதுக்கிவிட்டு இயல்பான தரையில் வைக்க வேண்டும். ஒருவர் சட்டம் பிடிக்க, ஒருவர் கயிற்றைப் பார்க்க, ஒருவர் கல் வைக்க, நான்காமவர் பின்னால் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்துக்கொண்டு வருவார். வரிசை முடிந்ததும் மேலே நின்று பார்த்து, தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் கல்லை மட்டும் சற்று நகர்த்தி வளைவைச் சீராக்கலாம்.

முப்பதடிக்கு ஒன்றாக மேலிருந்து கீழே கோடுகள் இறங்கின. நேராகப் போகும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். கோடு வளைந்தது, பாறையைச் சுற்றியது, ஓரிடத்தில் வந்த பக்கமே திரும்பியது. சரிவின் வடிவம் அன்றுதான் எனக்கும் முழுதாகத் தெரிந்தது.

ஆள்காட்டியின் பங்கு

மூன்றாவது கோட்டைப் போட்டுக்கொண்டு போகும்போது ஆள்காட்டிப் பறவை ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. தரையில் முட்டை இருந்தால்தான் அது இத்தனை ஆவேசமாக வரும். எல்லோரையும் அப்படியே நிற்கச் சொல்லிக் காலடியைப் பார்த்துத் தேடினோம். கோட்டுக்கு மூன்று எட்டுத் தள்ளி, சரளைக் கற்களுக்கு நடுவே ஒரு சிறு பள்ளத்தில் நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கரும்புள்ளிகள். கண்ணெதிரே இருந்தும் இரண்டு பேருக்குத் தெரியவில்லை. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை, இப்படித் திறந்த வெளியில்தான் முட்டையிடும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதன் இனப்பெருக்கக் காலம். அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

மூன்றாம் கோட்டை அங்கேயே நிறுத்தினோம். முட்டை இருந்த பகுதியைச் சுற்றி அகலமாகச் சுண்ணாம்பு தூவி, உள்ளே யாரும் போகக் கூடாது என்று வைத்தோம். அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் காகத்துக்கு நாமே வழி காட்டுவோம். வெயிலில் தாய்ப் பறவை எழுந்துவிட்டால் முட்டை சூடேறிக் கெட்டுவிடும். தூரத்திலிருந்து பார்க்க, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய தொலைநோக்கியைக் கொடுத்தார்.

பறவைகளுக்காகக் குயவரிடம் வாங்கிய அகலமான மண்தட்டுகளைக் கொல்லையில் ஆங்காங்கே வைத்திருந்தோம். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் ஒரு கல் இருந்தால் தேனீக்கள் முழுகாமல் உட்கார்ந்து குடிக்கும். நீரைத் தினமும் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். வாரக் கணக்கில் தேங்கினால் கொசுதான் பிறக்கும். மைனா, புள்ளிப்புறா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவிக் கூட்டம் எல்லாம் வந்து போயின. ஒரு நாள் பதினொரு மணி வெயிலில் ஆள்காட்டி தரைத்தட்டுக்கு நடந்து வந்தது. குடிக்கவில்லை. நீரில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்து, இறகு நனைந்ததும் எழுந்து, நேராக முட்டைகளுக்குப் போய் அமர்ந்தது. முட்டையின் சூட்டைத் தணிக்க அந்த இனம் செய்கிற வேலை அது. அப்போது தொலைநோக்கியைப் பிடித்திருந்த பையன் மற்றவர்களுக்குக் கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாங்கிக் கொடுக்கவில்லை. தட்டுகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பை அன்று முதல் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. குஞ்சுகள் பொரித்த நாளே நடந்து வெளியேறிவிட்டன. அவற்றையும் தூரத்திலிருந்தே பார்த்தோம்.

குழி

மே மாதத்துச் சரளை மண்ணில் கடப்பாரை இறங்காது. கோடுகளைப் போட்டுவிட்டு முதல் கோடை மழைக்குக் காத்திருந்தோம். ஒரு மாலையில் இடியோடு அரை மணி நேரம் பெய்தது. மறுநாள் காலை மண் இளகியிருந்தது.

குழி வெட்டியவர்கள் நூறு நாள் வேலையில் இதே மாதிரிக் குழிகளைக் கரடெங்கும் எடுத்துப் பழகிய பெண்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்தே அழைத்தோம். கடப்பாரையும் மண்வெட்டியும் பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் களைக்கொத்தால் விளிம்பைச் சீராக்கினார்கள், சிறு சட்டியில் மண் அள்ளிக் கொடுத்தார்கள், அளவுக்கோலால் ஆழம் பார்த்தார்கள். பத்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழம். ஒரே நீளமாக வெட்டாமல் துண்டு துண்டாக எடுத்து, மேல் வரிசையில் இடைவெளி விட்ட இடத்துக்கு நேரே கீழ் வரிசையில் குழி வருமாறு மாற்றி அமைத்தோம். மேலே தப்பி வருவதைக் கீழே பிடித்துவிடும். எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி வரப்பாக்க வேண்டும். குழி விளிம்புக்கும் வரப்புக்கும் நடுவே அரை அடி இடம் விடுவது முக்கியம். விடாவிட்டால் முதல் மழையிலேயே வரப்பு மண் குழிக்குள் சரியும்.

“ஆயா, மண்ணை மேல்பக்கம் கொட்டினால் என்ன?” என்று பெங்களூர்ப் பையன் ஒருவன் கேட்டான். “கொட்டினால் மழை அதையே குழிக்குள் தள்ளி மூடிவிடும், கண்ணு. நாளைக்கு நீயேதான் வந்து அள்ள வேண்டும்” என்றார் அந்த அம்மா. அந்தப் பெண்களிடம் பிள்ளைகள் கற்றது என்னிடம் கற்றதைவிட அதிகம். மண்ணின் ஈரத்தைக் கைப்பிடியில் உருட்டிப் பார்ப்பது, வேர் தெரிந்தால் வெட்டாமல் ஒதுங்குவது, முதுகு வலிக்காமல் குனிவது எல்லாம் அவர்கள் சொல்லிக் கொடுத்தவை.

கணக்கைப் பெரிய பிள்ளைகள் போட்டார்கள். ஒரு குழி 15 கன அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர் என்றால் ஒரு குழியில் 420 லிட்டருக்கு மேல் நிற்கும். மேல் ஏக்கரில் நாற்பது குழி. ஒரு நிறைவுக்கு ஏறக்குறைய 17,000 லிட்டர்.

மழையை அளந்தது

மழைமானியை எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம். பக்கம் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனலாகச் செருக வேண்டும். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், அங்கே கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம் வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறிக்க வேண்டும். அதிலிருந்து மேலே அளவுக்கோலின்படி மில்லிமீட்டர் கோடுகள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளித் திறந்த வெளியில், காற்றில் சாயாமல் செங்கல் அணைத்து வைக்க வேண்டும். வெயிலில் சுழிய நீர் வற்றும் என்பதால் மாலைதோறும் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். வானிலைத் துறை காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கிறது. நாங்களும் அதே நேரத்தை வைத்துக்கொண்டோம். அப்போதுதான் செய்தித்தாளில் வரும் தர்மபுரி, பாலக்கோடு அளவுகளோடு ஒப்பிட முடியும். பல நாட்களில் அங்கே பெய்து இங்கே தூறல்கூட இல்லை. கோடை மழை எவ்வளவு திட்டுத்திட்டாகப் பெய்கிறது என்பதை அந்த ஒப்பீடு காட்டியது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது 80,940 லிட்டர். கோடையில் ஊருக்குள் வரும் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கிறது. கிட்டத்தட்ட ஏழு லாரி நீர் ஒரே மாலையில் ஒரு ஏக்கரில் இறங்குகிறது என்று கணக்கு வந்ததும் பிள்ளைகள் நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். எங்கள் குழிகள் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். ஆனால் மழை முழுவதும் ஓடிவிடுவதில்லை. பெரும்பகுதியை விழுந்த இடத்திலேயே மண் குடிக்கிறது. குடிக்க முடியாமல் ஓடுவதை மட்டும் குழி பிடித்தால் போதும்.

மே கடைசியில் அந்த மழை வந்தது. மழைமானியில் 22 மில்லிமீட்டர். காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் வேலியருகே காத்திருந்தார்கள். குழிகள் நிறைந்து நின்றன, வரப்புகள் உடையவில்லை. தோப்பு வேலியருகே வழக்கமாகத் தேங்கும் செந்நீர் இல்லை. ஒவ்வொரு குழியிலும் குச்சி விட்டு ஆழம் பார்த்தார்கள். இரு முனையிலும் ஆழம் ஒத்திருந்தது. மேஸ்திரி தாத்தாவின் சட்டத்துக்கு அதைவிட வேறு சான்று எதற்கு? அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். மறுநாள் மாலைக்குள் பெரும்பாலான குழிகளில் நீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கீழே பாறை இருக்கும் இரண்டு குழிகளில் மட்டும் நின்றது.

ஈரம் காய்வதற்குள் வரப்பில் துவரை, ஆமணக்கு, சீத்தாக்கொட்டை ஊன்றினோம். குழியின் மேல்விளிம்பில் கொழுக்கட்டைப் புல் விதை தூவினோம். வேர் பிடித்தால்தான் வரப்பு அடுத்த ஆண்டுக்கு நிற்கும், மாட்டுக்கும் தீவனமாகும்.

உழவும் தோப்பும்

“சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்” என்பார்கள். குழி எடுக்காத நடுக்கொல்லையில் கோடை உழவு ஓட்டினோம். டிராக்டர்காரர் நீளவாக்கில், மேலிருந்து கீழாக ஓட்டவே விரும்பினார், திரும்புவது குறையும். சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி, அதையொட்டிக் குறுக்கே ஓட்டச் சொன்னோம். பிள்ளைகள் வரப்பில் நின்று, ஏர்ச்சாலில் இறங்கும் பறவைகளை எண்ணினார்கள். உண்ணிக்கொக்கு, மைனா, கரிச்சான், காகம். மண்ணுக்கடியில் கூட்டுப்புழுவாகக் கிடந்ததெல்லாம் வெயிலிலும் அலகிலும் தீர்ந்தது. உழவின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மாந்தோப்பில் தினமும் காலை ஒரு வேலை உண்டு. விழுந்த பழங்களைப் பொறுக்குவது. பழ ஈ தோலுக்கடியில் முட்டையிடும். புழு பழத்தைத் தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் வெளியேறி மண்ணில் புகுந்து கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து அடுத்த தலைமுறை ஈ எழும்பும். விழுந்ததை அப்படியே விட்டால் பின்னால் பழுக்கும் பெங்களூராவும் நீலமும் கெடும். பொறுக்கிய பழங்களை இரண்டடிக் குழியில் போட்டு மூடினோம். ஒரு பழத்தை மட்டும் ஈரமணல் போட்ட பாட்டிலில் வைத்து மெல்லிய துணியால் வாய் கட்டினோம். சில நாட்களில் புழுக்கள் மணலுக்குள் போயின. பிறகு பழுப்பு ஈக்கள் துணியில் வந்து மோதின. அதைப் பார்த்தபின் பொறுக்கும் வேலையில் யாரும் சலிப்புக் காட்டவில்லை.

காற்றில் உதிர்ந்த நல்ல காய்களை நடுப்பகல் நிழலில் சீவி உப்பிட்டு வற்றலாக்கினோம். மீதி நேரம் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும். சின்னவர்கள் உடைந்த நாட்டு ஓட்டுத் துண்டுகளில் வெள்ளையடித்து மரங்களின் பெயரை எழுதி, அந்தந்த மரத்தடியில் நட்டார்கள். வெப்பாலை, உசிலை, புங்கன் என்று எழுதும்போது பெரியவர்களைக் கேட்டே எழுத வேண்டும் என்று வைத்திருந்தோம். அதனால் நான் அறியாத இரண்டு செடிகளின் பெயரும் வந்து சேர்ந்தது.

இப்போது நிலை

பள்ளி திறந்துவிட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குழியில் படியும் வண்டலை அள்ளி வரப்பின்மேல் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்ப் பிள்ளைகள் வந்து செய்கிறார்கள். மழைக் குறிப்பேடு பண்ணையை ஒட்டிய வீட்டுச் சிறுமியிடம் இருக்கிறது. ஓசூர் போன பையன்களில் ஒருவன் அங்கே மாடியில் பாட்டில் வைத்துத் தொலைபேசியில் அளவு சொல்கிறான். இரண்டையும் ஒரே பக்கத்தில் அவள் எழுதுகிறாள்.

ஆடியில் மேல் ஏக்கரிலும் நடுக்கொல்லையிலும் ஒரே நாளில் சாமை விதைக்கப் போகிறோம். விதை, எரு எல்லாம் ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு குழி மட்டும். அறுவடை முடிந்ததும் அதே மூன்று இடங்களில் மண் எடுத்துப் பாட்டில் சோதனையை மறுபடி செய்வோம். ஆள்காட்டிக்காக நிறுத்திய மூன்றாம் கோட்டின் மீதிக் குழிகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து இருவர் வந்து சட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடையதும் கரட்டடிச் சரிவுதான். காலாண்டு விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் சட்டத்தோடு அங்கே போய்க் கோடு போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.